வேர் சிகிச்சைக்குப் பிறகு எலும்பு ஆறவில்லையா? மரபணுவின் மேல் பழி போடும் முன்

கேள்வி: எனக்கு வயது 42. கீழ்த்தாடையின் இடப்பக்க இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு 16 மாதங்களுக்கு முன் ரூட் கெனால் செய்துகொண்டேன். கால்வாய் பட்டையாகவும் சிக்கலாகவும் இருக்கிறது என்று சொல்லி மூன்று முறை வரச்சொன்னார்கள். பிறகு கேப் போட்டார்கள். இப்போது வலி இல்லை, வீக்கம் இல்லை, அந்தப் பக்கத்திலேயே மெல்லுகிறேன். ஆனால் எக்ஸ்ரேயில் வேர் நுனியில் தெரிந்த கறுப்பு நிழல் முழுவதும் மறையவில்லை. முதலில் 7 மில்லிமீட்டர் இருந்ததாம், இப்போது 4. என் தங்கைக்கு மேல் முன்பல்லில் இதே சிகிச்சை நடந்தது. எட்டே மாதத்தில் நிழல் போய்விட்டது. இரண்டாவதாக நான் போய்ப் பார்த்த மருத்துவர், “உங்கள் உடல்வாகு அப்படி. மரபணுவிலேயே இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பல்லை எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். எங்கள் அம்மாவும் ஐம்பது வயதுக்குள் பாதிப் பற்களை இழந்தவர். இது பரம்பரையா? உமிழ்நீர் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா? 11 வயது மகனுக்கும் இப்போதே செய்துவிடலாமா? எனக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி 8.6.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பல்லை எடுக்க வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பது மரபணுவைப் பற்றித்தான். ஆனால் அவசரப்பட்டு எடுத்துவிட்டால் அதன்பிறகு பேசிப் பயனில்லை என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் பல் ஆறிக்கொண்டிருக்கிறது. 7 மில்லிமீட்டர் 4 ஆனது சின்ன மாற்றம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்த நிழல் ஏறக்குறைய உருண்டையானது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிட்டது. ஐந்தில் நான்கு பங்கு எலும்பு திரும்பி வந்திருக்கிறது. இரண்டு எக்ஸ்ரேக்களும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டிருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோணம் மாறினால் அதே நிழல் பெரிதாகவும் தெரியும், சிறிதாகவும் தெரியும்.

16 மாதம் என்பது இந்த எலும்புக்கு நீண்ட காலம் இல்லை. ஐரோப்பிய வேர் சிகிச்சைக் கழகம் 2006இல் வெளியிட்ட தர வழிகாட்டு நெறிகள், சிகிச்சை முடிந்து குறைந்தது ஓர் ஆண்டு கழித்துப் பல்லைப் பரிசோதிக்கச் சொல்கின்றன. நிழல் அப்போதும் முழுவதும் மறையவில்லை என்றால் நான்கு ஆண்டுகள் வரை கவனித்து வரலாம் என்கின்றன. நார்வேயில் சிகிச்சை முடிந்த பற்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வாளர்கள், பத்தாண்டு கடந்தும் ஆறாமலிருந்து பிறகு ஆறிய பற்களையும் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு காலம் காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. சுருங்கிக்கொண்டிருக்கும் நிழலைக் காட்டி, வலியே இல்லாத பல்லை எடுப்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை என்கிறேன்.

தங்கையோடு ஒப்பிட்டதில்தான் உங்கள் சந்தேகம் தொடங்கியிருக்கிறது. அந்த ஒப்பீட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. மேல் முன்பல்லுக்கு ஒரே வேர். உள்ளே பெரும்பாலும் ஒரே கால்வாய். அகலமாக, நேராக, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். எந்த மருத்துவரும் விரும்பிச் செய்கிற பல் அது. கீழ் இரண்டாவது கடைவாய்ப்பல்லோ வாயின் கோடியில் இருக்கிறது. கருவியை நிமிர்த்திப் பிடிக்கவே இடம் போதாது. வேரும் கால்வாயும் ஆளுக்கு ஆள் மாறும். உடன்பிறந்த இருவரிடம் மரபணு வேறுபாடுகளில் சராசரியாகப் பாதி பொதுவாகவே இருக்கும். ஆகவே உங்கள் இருவரின் கதையிலும் அதிகம் வேறுபடுவது பல்தான். அதை விட்டுவிட்டு மரபணுவைத் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி மரபணுவுக்கு வருவோம். எலும்பு ஆறுவதில் அது பங்கே வகிக்காது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

பல்லுக்குள் இருக்கும் கூழ் செத்துவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் நின்றுவிடும். ரத்தம் போகாத இடத்துக்கு நோய் எதிர்ப்புச் செல்களும் போக முடியாது. ஆகவே கால்வாய்க்குள் குடியேறிய பாக்டீரியாக்கள் சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டு பாதுகாப்பாக வாழும். அவற்றின் நச்சு வேர் நுனி வழியாக வெளியே கசியும். உள்ளே நுழைய முடியாத நம் உடல், நுனிக்கு வெளியே தன் செல்களை நிறுத்தி அங்கேயே எதிர்கொள்கிறது. அந்த இடத்தில் இருக்கும் எலும்பைப் பாக்டீரியா தின்பதில்லை. நம் செல்களே கரைத்து விலக்குகின்றன. இன்டர்லூகின்-1 போன்ற அழற்சிப் புரதங்கள் சுரக்கும். அவை ஆர்ஏஎன்கேஎல் என்ற இன்னொரு புரதத்தைக் கூட்டும். அது எலும்பைக் கரைக்கும் செல்களைத் தட்டி எழுப்பும். எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் சீழ்ப்பை அன்று; எலும்பு இருந்த இடத்தை நிரப்பியிருக்கும் அழற்சித் திசு. கால்வாயைச் சுத்தம் செய்து அடைத்து, நச்சுக் கசிவு நின்றதும் இந்தச் சங்கிலி பின்னோக்கி ஓடத் தொடங்கும். கரைக்கும் செல்கள் குறையும், கட்டும் செல்கள் விளிம்பிலிருந்து உள்நோக்கி எலும்பை நிரப்பிக்கொண்டு வரும்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு புரதம். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு மரபணு இருக்கிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால் சிலருக்கு அந்தப் புரதம் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் சுரக்கலாம். வானொலிப் பெட்டியின் ஒலித் திருகைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: நிகழ்ச்சி ஒன்றுதான், சத்தம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். நிலையமே ஒலிபரப்பாவிட்டால் திருகை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் கேட்காது.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஆதாரம் 1965ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் கடைவாய்ப்பல்லைத் துளைத்து, கூழைத் திறந்த நிலையிலேயே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் செத்து, வேர் நுனியில் சீழ்க்கட்டி வந்தது. கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கும் அதே துளைதான், உணவுத் துகளும் அதில் அடைந்தது. ஆனால் கூழ் சாகவில்லை. சில வாரங்களில் துளைக்குக் குறுக்கே புதிய பல் திசு பாலம் போல வளரத் தொடங்கியது. வேர் சிகிச்சை படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பாக்டீரியா இல்லாமல் இந்த நோய் இல்லை. மரபணு கூட்டலாம், குறைக்கலாம், தானாக உண்டாக்காது.

மனிதர்களிடம் நடந்த மரபணு ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பிரேசிலில் ஒரு குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்குப் பிறகும் நோய் நீடித்தவர்களையும் ஆறியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்டர்லூகின்-1 மரபணு வேறுபாடுகளுக்குத் தொடர்பு தெரியவில்லை. எதிர்ப்புரதங்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளின் ஒரு வகைக்குத் தொடர்பு தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2011இல், வேறொரு குழு தன் ஆய்வை வெளியிட்டது. அதில் இன்டர்லூகின்-1 பீட்டாவை அதிகமாகச் சுரக்கவைக்கும் வடிவம் நோய் நீடித்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. 2012இல் திசுவை வெட்டும் நொதிகளின் மரபணுக்கள் பேசப்பட்டன. 2019இல் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும் ஆர்ஏஎன்கேஎல்லும் அதன் ஏற்பியும் வந்தன. ஒவ்வொன்றும் உயிரியல்ரீதியாக நம்பக்கூடியதே. ஒன்றும் கற்பனை இல்லை. ஆனால் ஒரு குழு கண்டதை மறுகுழு காணவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

காரணம் எளிது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சில நூறு பேருக்குள் முடிந்துவிடுகின்றன. ஆளுக்கு இருபது மரபணு வேறுபாடுகளைச் சோதித்தால், புள்ளியியலின் வழக்கமான ஐந்து சதவீத வரம்பில், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று தற்செயலாகத் தேறிவிடும். போதாக்குறைக்கு, மரபணு வடிவங்கள் எல்லா மக்களிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேலே சொன்ன இன்டர்லூகின்-1 பீட்டா வடிவம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் சர்வசாதாரணம்; கிழக்காசிய மக்களிடம் அரிது. ஓரிடத்தில் கிடைத்த முடிவை இன்னோரிடத்து நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எங்கள் தொழிலுக்கே உரியது. “ஆறவில்லை” என்று ஆய்வில் சேர்க்கப்பட்ட பல்லில் ஒரு கால்வாய் கண்டுபிடிக்கப்படாமல் விடப்பட்டிருந்தால், அந்தப் பழியையும் மரபணுவே சுமக்கும்.

உறுதியான மரபணுச் சான்று எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள், டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் ஒரு வடிவம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். அதன்பின் நாட்டுக்கு நாடு, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்தபோதும் அதே முடிவு திரும்பத் திரும்பக் கிடைத்தது. வேர் சிகிச்சைக்குப் பிந்தைய ஆறுதலில் அந்த அளவுக்கு நிற்கும் மரபணு இன்றுவரை ஒன்றும் இல்லை.

ஆகவே உமிழ்நீர்ப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஈறு நோய்க்கு இப்படி ஒரு கதை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1997இல் இன்டர்லூகின்-1 மரபணு வடிவத்துக்கும் கடுமையான ஈறு நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. புகைபிடிக்காதவர்களிடம்தான் அந்தத் தொடர்பு தெரிந்தது. அதையொட்டிப் பரிசோதனையும் விற்பனைக்கு வந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அது அன்றாடச் சிகிச்சையில் இடம்பிடிக்கவில்லை. வேர் சிகிச்சைக்கோ, முடிவெடுக்கும் முன் மரபணுவைப் பாருங்கள் என்று ஐரோப்பிய நெறிகள் கேட்பதில்லை. பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் நான் உங்கள் பல்லுக்குச் செய்யப்போவது ஒன்றேதான். சிகிச்சையை மாற்றாத பரிசோதனையை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

மரபணுச் சோதனை என்றாலே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி மாத்திரையில் அதற்கு உண்மையான இடம் இருக்கிறது. கொடீன் என்ற மருந்து உடலுக்குள் மார்ஃபினாக மாறினால்தான் வலியைத் தணிக்கும். அந்த மாற்றத்தைச் செய்யும் சிஒய்பி2டி6 நொதி சிலருக்கு வேலையே செய்வதில்லை. அவர்களுக்குக் கொடீன் கொடுத்தும் வலி குறையாது. சிலருக்கு மிக வேகமாக வேலை செய்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் 12 வயதுக்குட்பட்டோருக்குக் கொடீன் கூடாது என்றதற்கு இதுவே முக்கியக் காரணம். சிகிச்சைக்குப் பின் “எல்லோருக்கும் கேட்கும் மாத்திரை எனக்கு மட்டும் கேட்கவில்லை” என்று ஒரு நோயாளி சொன்னால், அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட சொல் வேறு. “கால்வாய் பட்டையாகவும் சிக்கலாகவும்” என்று முதல் மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கீழ் இரண்டாவது கடைவாய்ப்பல்லைப் பொறுத்தவரை அந்த வர்ணனை எனக்கு ஒன்றைத்தான் நினைவூட்டுகிறது: சி வடிவக் கால்வாய். 1979இல் குக், காக்ஸ் என்ற இருவர் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். சாதாரணமாக அந்தப் பல்லுக்கு முன்னொன்று பின்னொன்றாக இரண்டு வேர்கள் இருக்கும். கால்வாய்கள் தனித்தனித் துளைகளாகத் தெரியும். வேர் உருவாகும் காலத்தில் அதற்கு அச்சாக அமையும் உறை ஒரு பக்கம் சேராமல் போனால், இரண்டு வேர்களும் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே பிறை வடிவ வேராகிவிடும். உள்ளே கால்வாயும் துளையாக இல்லாமல் வளைந்த பட்டைப் பிளவாக ஓடும். நுண்ணோக்கியில் பார்த்தால் பல்லின் தரையில் வளைந்த ஒரு கோடு தெரியும். அதன் இரண்டு முனைகளில் மட்டும் கருவி தாராளமாக இறங்கும். நடுவில் இருக்கும் மெல்லிய இணைப்புக்குள் உருண்டையான கருவி நுழைவதில்லை. மருந்து நீரை அதிர்வூட்டி உள்ளே செலுத்தித்தான் கழுவ வேண்டும். முரட்டுத்தனமாகச் சுரண்டவும் முடியாது, ஏனென்றால் உள்வளைவில் வேரின் சுவர் மிக மெல்லியது, ஓட்டை விழுந்துவிடும். மூன்று முறை வரச்சொன்னது அந்த மருத்துவரின் பொறுப்பையே காட்டுகிறது.

உங்கள் பரம்பரைக் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. வேரின் வடிவம் மரபுவழி வருகிறது. சி வடிவக் கால்வாய் கிழக்காசிய மக்களிடம் மூவரில் ஒருவருக்கு மேல் கூடக் காணப்படுகிறது. வேறு பல மக்களிடம் மிகக் குறைவு. ஒருவருக்கு இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கப் பல்லிலும் பெரும்பாலும் இருக்கும். கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் மூன்றாவதாக ஒரு குட்டி வேர் முளைப்பதும் இப்படி மக்களுக்கு மக்கள் மாறும். பெற்றோரிடமிருந்து நமக்குக் கிடைக்கும் இந்த அமைப்பு, பாக்டீரியா ஒளிந்துகொள்ளும் இண்டு இடுக்குகளைத் தீர்மானிக்கிறது. ஸ்வீடனில் ஒற்றை வேர்ப் பற்கள் 55ஐ எடுத்துக்கொண்டு 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அடைக்கும் நேரத்தில் கால்வாயில் பாக்டீரியா வளராத பற்களில் 94 சதவீதம் ஆறின. வளர்ந்த பற்களில் 68 சதவீதம்தான். ஒற்றை வேருக்கே இப்படி என்றால் பிறை வடிவ வேரைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அதோடு வேர் வடிவத்தைத் தெரிந்துகொள்ள உமிழ்நீர் வேண்டாம், ஒரு ஸ்கேன் போதும். தெரிந்தால் செய்வதற்கும் வேலை இருக்கிறது.

அடுத்தது, கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன 8.6. நீங்கள் கேட்ட எல்லாவற்றையும்விட இந்த எண்தான் என்னை உறுத்துகிறது. மூன்று மாதச் சராசரியைப் பெரும்பாலானவர்களுக்கு 7ஐ ஒட்டி வைத்திருக்கச் சொல்வார்கள். சர்க்கரை நீண்ட காலம் உயர்ந்தே இருந்தால் கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகும். சர்க்கரை ஒட்டிய புரதங்கள் சேர்ந்து அழற்சியை அணையவிடாமல் வைத்திருக்கும். எலும்பைக் கட்டும் செல்களின் வேலையும் குறையும். சர்க்கரை நோயாளிகளுக்கு வேர் நுனி எலும்பு மெதுவாக ஆறுகிறது என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் எலும்பு 8.6ஐச் சுமந்துகொண்டே ஐந்தில் நான்கு பங்கு நிரம்பியிருக்கிறது என்றால், மரபணு உங்களுக்கு எதிராக நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் வகைச் சர்க்கரையும் குடும்பத்தில் ஓடுவதுதான். அந்த வழியில் பார்த்தால் “மரபணு” என்று சொன்னவர் பாதி சரி. ஆனால் “ஒன்றும் செய்ய முடியாது” என்ற மீதிப் பாதி தவறு. மருந்து, உணவு, நடை ஆகியவற்றால் இறங்கக்கூடிய எண் அது. உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் இந்தப் பல்லைப் பற்றியும் சொல்லுங்கள். இன்னொன்று: இம்பிளான்ட் வைத்துக்கொண்டாலும் அது இதே தாடையில், இதே சர்க்கரையில்தான் எலும்போடு சேர வேண்டும். ஆறாது என்று பயந்து பல்லை எடுத்துவிட்டு, ஆறுதலையே முழுக்க நம்பியிருக்கும் ஒன்றை அந்த இடத்தில் வைப்பதில் எனக்குத் தர்க்கம் புலப்படவில்லை.

அம்மா பற்களை எதனால் இழந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆடி விழுந்தனவா, சொத்தையால் எடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆடி விழுந்திருந்தால் அது ஈறு நோய்; அதில் பரம்பரையின் பங்கு கணிசமானது. இரட்டையர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவதாக மதிப்பிட்டது. ஆனால் ஈறு நோய் வேறு, வேர் நுனி நோய் வேறு. ஈறு நோய் பல்லின் கழுத்திலிருந்து கீழே இறங்குகிறது. உங்களுடையது கால்வாய் வழியே நுனிக்குப் போனது. அம்மாவின் கதை உண்மையாகவே அதுவானால், நீங்கள் செய்ய வேண்டியது ஈறின் ஆழத்தை எல்லாப் பற்களிலும் அளந்து பார்ப்பது.

மகனுக்கு மரபணுப் பரிசோதனை தேவையே இல்லை. 11 வயதில் அவனுக்கு வேர் சிகிச்சையே வராமல் தடுக்கும் வழிகள் இருக்கின்றன. ஏறத்தாழ இந்த வயதில் தொடங்கி அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் இரண்டாவது நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் முளைக்கும். அவற்றின் மேற்பரப்புப் பள்ளங்களைச் சீலன்ட் வைத்து மூடச் சொல்லுங்கள். ஃபுளோரைடு பற்பசையால் இருவேளை துலக்கட்டும்.

உங்கள் பல்லுக்கு வருகிறேன். லண்டனில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான பெரிய ஆய்வில், முதல்முறை சிகிச்சை பெற்ற வேர்களில் 83 சதவீதம் ஆறின. அதற்கு முன், 2008இல், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வில், ஆறுதலைத் தீர்மானித்தவற்றில் முன்னணியில் நின்றவை நான்கு: சிகிச்சைக்கு முன் நிழல் இல்லாதது, அடைப்பில் இடைவெளி இல்லாதது, அடைப்பு வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் போய் முடிவது, மேலே போட்ட அடைப்போ கேப்போ கசியாதது. இவற்றில் முதலாவது உங்களுக்கு ஏற்கெனவே பாதகம், அதை மாற்ற முடியாது. மற்ற மூன்றையும் எக்ஸ்ரேயும் கூர்மையான ஒரு கருவி முனையும் சொல்லிவிடும். கேப்பின் விளிம்பில் கருவி முனை தட்டுகிறதா, அங்கே உணவு சேர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேப் கசிந்தால் உள்ளே செய்த நல்ல வேலையும் காலப்போக்கில் கெடும். அந்தப் பல்லைச் சுற்றி ஈறின் ஆழத்தையும் அளக்கட்டும். சுற்றிலும் சாதாரணமாக இருந்து ஒரே ஓர் இடத்தில் மட்டும் கருவி திடீரென்று ஆழமாக இறங்கினால், வேர் நெடுக விரிசல் விட்டிருக்கலாம். அது மட்டும் உறுதியானால் பல்லை எடுப்பதை நானே பரிந்துரைப்பேன். விரிசல் விட்ட வேருக்கு நம்பகமான வைத்தியம் கிடையாது.

அப்படி எதுவும் இல்லையென்றால் காத்திருங்கள். இடையில் கடித்தால் வலி, வீக்கம், ஈறில் அடிக்கடி வந்து உடையும் சிறு கொப்புளம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த படத்தில் நிழல் பெருத்திருந்தாலும் காத்திருப்பதை நிறுத்திவிட வேண்டும். அப்போது பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து, கழுவப்படாத பகுதி இருக்கிறதா என்று பார்த்து, அடைப்பை எடுத்துவிட்டுக் கால்வாயை மறுபடி சுத்தம் செய்வது முதல் வழி. வேர் நுனியை வெட்டும் நுண் அறுவை மற்றப் பற்களில் நல்ல பலன் தருகிறது. ஆனால் கீழ் இரண்டாவது கடைவாய்ப்பல்லில் வெளிப்புற எலும்பு மிகத் தடிமன், உதட்டுக்குப் போகும் நரம்பும் அருகிலேயே ஓடுகிறது. அதனால் அந்தப் பல்லுக்குச் சில நிபுணர்கள் வேறொரு வழியை எடுப்பார்கள்: பல்லைப் பக்குவமாக எடுத்து, கையில் வைத்து நுனியைச் சரிசெய்து, சில நிமிடங்களில் அதே குழியில் திருப்பி வைப்பது. பிறை வடிவ வேர் பெரும்பாலும் கூம்பாக இருப்பதால் உடையாமல் வெளியே வரும் வாய்ப்பும் கூடுதல்.

அடுத்த எக்ஸ்ரேயை ஆறு மாதம் கழித்து, முடிந்தால் முதல் மருத்துவரிடமே, முன்பு எடுத்த அதே கோணத்தில் எடுங்கள். அதற்குள் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை இரண்டு முறை பார்த்துவிடலாம். சிகிச்சைக்கு முன் எடுத்தது, முடிந்த அன்று எடுத்தது, இப்போது எடுத்தது என்று எல்லாப் படங்களின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். கால்வாய் எந்த வடிவம், எத்தனை, எந்த நீளம் வரை அடைத்தார்கள் என்பதைச் சிகிச்சைக் குறிப்பிலிருந்து எழுதித் தரச்சொல்லுங்கள். பல்லை எடுக்கச் சொன்னவரிடமே இவற்றைக் காட்டி, “நிழல் சுருங்குகிறதே, ஏன் எடுக்க வேண்டும்?” என்று நேராகக் கேட்கலாம்.